அப்பாவின் சொந்த முகவரியிலிருந்தே மிரட்டல் மின்னஞ்சல்: கணினிக்குள் யாராவது புகுந்துவிட்டார்களா?

பால்மரத்து மகள் | திங்கள், இரவு 9.42

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முடிந்தால் இன்றிரவே யாராவது வழி சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்தார்கள். அதன் பிறகு பட்டணத்து ஓரத்தில் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டோம். என் தம்பி விட்டுப்போன பழைய மடிக்கணினிதான் அவருக்குத் துணை. அதில் செய்தி படிப்பார், தொடர் பார்ப்பார், எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர்களுக்கு மாதம் ஒரு மடல் எழுதுவார்.

நான்கு நாட்களாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று மாலை வேலை முடிந்து வந்து பார்த்தால், மடிக்கணினியை ஒரு பழைய வேட்டியில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். “கெட்டுவிட்டது” என்றார். விடாமல் கேட்ட பிறகுதான் கைத்தொலைபேசியில் அந்த மின்னஞ்சலைக் காட்டினார்.

ஆங்கிலத்தில் இருக்கிறது. அனுப்பியவர் என்ற இடத்தில் அப்பாவின் முகவரியே இருக்கிறது. முதல் வரியில் அவருடைய கடவுச்சொல். “பல மாதங்களாக உன் கணினிக்குள் இருக்கிறேன். நீ ஆபாசத் தளங்களைப் பார்த்தபோது கேமரா வழியாக உன்னைப் பதிவு செய்துவிட்டேன். 48 மணி நேரத்துக்குள் 1,200 டாலரைப் பிட்காயினாக அனுப்பு. இல்லையென்றால் உனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அந்தக் காணொளி போகும்” என்று எழுதியிருக்கிறது. வந்தது வியாழக்கிழமை. கெடு முடிந்து இரண்டு நாளாகிவிட்டது.

இன்னொன்று. மடிக்கணினியைத் திறந்தால் திரையின் வலப்பக்க மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்” என்று சிவப்புப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.

அந்தக் கடவுச்சொல் உண்மையானது. தன் முகவரியிலிருந்தே அனுப்பியிருக்கிறார்கள் என்றால் உள்ளே வந்துவிட்டார்கள் என்றுதானே பொருள் என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தளங்கள் எதையும் பார்க்கவில்லை என்று அவர் சொன்னபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மகளிடம் அப்படி விளக்கம் சொல்லும் நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது.

சாலாக் தம்பி | திங்கள், இரவு 10.03

அக்கா, பயப்படாதீர்கள், அதே சமயம் தாமதிக்கவும் வேண்டாம். கணினியில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றிவிடுங்கள். போலீசில் புகார் கொடுத்துவிட்டோம் என்று அவனுக்கு ஒரு பதிலும் எழுதுங்கள். அப்போதுதான் அடங்குவான்.

ஈப்போ கணினிக்காரர் | திங்கள், இரவு 10.31

தம்பி நல்ல மனத்தோடு சொல்கிறார். ஆனால் இரண்டையுமே இப்போது செய்யாதீர்கள். பதில் போட்டால், இந்த முகவரியில் பயந்துபோன ஓர் ஆள் இருக்கிறார் என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். எல்லாவற்றையும் அழித்தால் அப்பாவின் படங்கள் போகும். பிறகு புகார் கொடுக்க வேண்டி வந்தால் சான்றும் இருக்காது.

இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். இதே மின்னஞ்சலை 2018 முதல் எத்தனையோ பேர் என் கடை மேசையில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பழைய கடவுச்சொல்லை முதல் வரியில் போட்டு மிரட்டும் இந்த வகை அந்த ஆண்டின் நடுவில்தான் உலகம் முழுவதும் பரவியது. பள்ளி முதல்வர் ஒருவர் வந்திருக்கிறார். கேமராவே இல்லாத மேசைக்கணினி வைத்திருந்த பாட்டி ஒருவரும் வந்திருக்கிறார். அவரையும் பதிவு செய்துவிட்டதாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரே கடிதத்தை இலட்சக்கணக்கான முகவரிகளுக்கு இயந்திரம் அனுப்புகிறது. அப்பா யார், என்ன பார்த்தார் என்பதெல்லாம் அனுப்பியவனுக்குத் தெரியவே தெரியாது. உண்மையில் காணொளி வைத்திருப்பவன் ஒரு படத்தையாவது இணைத்திருப்பான். இதில் ஒன்றும் இல்லையே.

சொந்த முகவரி எப்படி வந்தது? தபால் உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரியை நாம்தான் எழுதுகிறோம். யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்கப்போவதில்லை. மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறையை 1982இல் எழுதியபோது அதிலும் இதே நிலைதான், அனுப்புநர் யார் என்று சோதிக்கும் ஏற்பாடே இல்லை. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற சோதனைகள் பிற்பாடு ஒட்டுப்போட்டவை. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மடலின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி, மூலவடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேலேயே இந்த மூன்று சோதனைகளின் முடிவும் இருக்கும். தோல்வி என்று இருந்தால் அது உங்கள் அப்பாவின் கணக்கிலிருந்து புறப்படவில்லை. ‘அனுப்பியவை’ பகுதியையும் பாருங்கள். அங்கே அந்த மடல் இருக்காது.

கடவுச்சொல் எங்கிருந்து போயிருக்கும் என்றால், அப்பாவின் கணினியிலிருந்து அல்ல, எப்போதோ அவர் பதிவு செய்த ஏதோ ஒரு தளத்திலிருந்து. 2012இல் லிங்க்ட்இன்னிலும் 2013இல் அடோபியிலும் கோடிக்கணக்கான கணக்குகளின் விவரம் திருடுபோனது. நம் நாட்டிலேயே 4 கோடியே 62 இலட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரம் வெளியேறியது 2017 அக்டோபரில் தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்! இப்படிக் கசிந்தவற்றை மூட்டை மூட்டையாக வாங்கித்தான் இந்தக் கடிதங்களை அனுப்புகிறார்கள். டிராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் மின்னஞ்சல் முகவரியை மட்டும் இட்டால், எந்தெந்தக் கசிவில் அது இருக்கிறது என்று காட்டும். கட்டணம் இல்லை, கடவுச்சொல்லும் கேட்காது.

வலப்பக்க மூலையில் வரும் பெட்டிகள் வைரஸே அல்ல, உலாவியின் அறிவிப்புகள். ஏதாவதொரு இலவசத் தொடர் தளத்தில் “நீங்கள் இயந்திரம் அல்ல என்று காட்ட ‘அனுமதி’யை அழுத்துங்கள்” என்று கேட்டிருக்கும். அழுத்தியவுடன், அந்தத் தளம் நினைத்த நேரத்தில் திரையில் விளம்பரம் காட்டும் உரிமையைப் பெற்றுவிட்டது. குரோம் அமைப்புகளில் ‘அறிவிப்புகள்’ பகுதிக்குப் போய், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

அந்தக் கடவுச்சொல்லை இன்னும் எங்காவது பயன்படுத்துகிறாரா என்று மட்டும் கேளுங்கள். அது ஒன்றுதான் எனக்குக் கவலை.

பால்மரத்து மகள் | திங்கள், இரவு 11.20

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று சோதனையிலும் தோல்வி என்றுதான் வந்தது. முகவரி பழைய கசிவு ஒன்றில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு தம்பி வேலை தேடியபோது அப்பாவின் முகவரியைக் கொடுத்து ஒரு தளத்தில் பதிவு செய்தானாம், அதே கடவுச்சொல்லோடு. அறிவிப்புப் பட்டியலில் 14 தளங்களின் பெயர்கள் இருந்தன. எல்லாவற்றையும் நீக்கினேன், பெட்டிகள் நின்றுவிட்டன.

அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் அவர் முகம் இன்னும் தெளியவில்லை.

முன்னாள் ஆசிரியை | திங்கள், இரவு 11.48

மகளே, உன் கடைசி வரிதான் என்னை உறங்கவிடவில்லை.

நானும் தோட்டத்தில் பிறந்தவள். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் எழுந்து நின்று வாங்கிய தலைமுறை உன் அப்பாவுடையது. ஆங்கிலத்தில், கெடு வைத்து, கட்டளையாக ஒரு தாள் வந்தால் அது துரையின் உத்தரவு. கேள்வி கேட்டால் மறுநாள் காலை ஆள் கூப்பிடும் பிரட்டில் பெயர் இருக்காது. எழுத்து வேலையே பார்த்த கிராணிக்குக்கூட அந்த நடுக்கம் எலும்புக்குள் இருக்கும். மிரட்டுகிறவனுக்கு நம் தோட்டங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அவன் கடிதம் அந்த இடத்தில் போய்க் குத்துகிறது.

அதோடு மானம். இப்படி ஒரு பழி தன்மேல் விழுந்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வார்? அவன் காசாக்குவது காணொளியை அல்ல, சொல்லமுடியாமல் இருக்கும் இந்த நாட்களைத்தான். தனியாக இருக்கும் மனிதர் வேறு எங்காவது உதவி தேடிப் போயிருப்பார். நாளைக் காலை தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, “யாரிடமாவது தொலைபேசியில் பேசினீர்களா அப்பா?” என்று மட்டும் கேள். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். கணினியை ஒளித்து வைத்தார் என்றாயே, வெறும் மின்னஞ்சலுக்கு ஏன் கணினியை ஒளிக்க வேண்டும்?

கோலாலம்பூர் மகன் | செவ்வாய், அதிகாலை 12.15

சொல்வதற்கு மன்னியுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இணைய வங்கியோடு கூடிய கணினியைக் கொடுப்பது நாம் செய்யும் தவறு. என் அம்மாவிடமிருந்து நான் வாங்கிவைத்துவிட்டேன். வாட்ஸ்அப் போதும். அதன் பிறகு நான் நிம்மதியாக இருக்கிறேன்.

முன்னாள் ஆசிரியை | செவ்வாய், அதிகாலை 12.31

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நிம்மதி உங்களுக்கா, அம்மாவுக்கா? மோசடி வாட்ஸ்அப்பிலும் வருகிறது. கல்யாணப் பத்திரிகை என்று, செயலியை ஏற்றும் ஏபிகே கோப்பை அனுப்பி, அதைத் தொலைபேசியில் ஏற்றியவர்களின் வங்கிக் கணக்கைச் சூறையாடும் கூட்டம் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறது? கருவியைப் பறித்தால் அடுத்த முறை பயந்து போகும்போது அம்மா உங்களிடம் சொல்லமாட்டார். எஞ்சியிருப்பதையும் பறித்துவிடுவானோ மகன் என்று மறைப்பார்.

பால்மரத்து மகள் | செவ்வாய், காலை 6.22

டீச்சர், நீங்கள் சொன்னபடியே கேட்டேன். அழுதுவிட்டார்.

நேற்றுப் பகல் 3 மணிக்கு, அந்த வைரஸ் பெட்டியைத் தட்டியிருக்கிறார். திரை முழுவதும் நீலமாகி, சைரன் ஒலித்து, “கணினியை அணைக்காதீர்கள், மைக்ரோசாஃப்ட் உதவி எண்ணை அழையுங்கள்” என்று வந்திருக்கிறது. அழைத்திருக்கிறார். பேசியவன் தமிழில் “ஐயா, ஐயா” என்று பேசினானாம். மின்னஞ்சல் விஷயத்தையும் அவனிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லாததை! ஏதோ பட்டியலைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டி, “இத்தனை பேர் உங்கள் கணினிக்குள் இருக்கிறார்கள்” என்றானாம். ஒரு மென்பொருளை ஏற்றச் சொன்னான். பிறகு மவுஸ் தானாக நகர்ந்தது. கட்டணம் 680 ரிங்கிட் என்றதும் இணைய வங்கியில் செலுத்திவிட்டார். தொலைபேசியில் ஒப்புதல் பொத்தானை இரண்டு முறை அழுத்தச் சொன்னான், அழுத்தினார். அதன் பிறகு 40 நிமிடம் திரை கறுப்பாகவே இருந்தது, “பரிசோதனை நடக்கிறது, தொடாதீர்கள்” என்றானாம்.

இப்போது என்ன செய்வது? வங்கி 9.30க்குத்தான் திறக்கும்.

வங்கி முகப்பு | செவ்வாய், காலை 6.26

கிளை திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே வங்கி அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணை அழையுங்கள், மோசடிப் புகாருக்கு எல்லா வங்கிகளிலும் 24 மணி நேரத் தொடர்பு உண்டு. கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து, மோசடிப் புகாருக்கான தேசிய எண் 997. இரண்டாவது ஒப்புதல் எதற்கு என்று வங்கியிடம் கட்டாயம் கேளுங்கள். பணம் ஒருமுறைதான் போனது, ஒப்புதல் இரண்டு முறை! அந்த மடிக்கணினியைத் திறக்காதீர்கள். உங்கள் தொலைபேசியிலிருந்து மட்டும் செய்யுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

பால்மரத்து மகள் | செவ்வாய், காலை 8.05

கணக்கு முடக்கப்பட்டது. இரண்டாவது ஒப்புதல், வேறொரு தொலைபேசியை அப்பாவின் கணக்கோடு இணைப்பதற்காம். புதிய கருவிக்கு உள்ள காத்திருப்பு நேரம் முடியாததால் அதிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. அந்த இணைப்பை ரத்து செய்துவிட்டார்கள். சேமிப்பில் இருந்த ஊழியர் சேமநிதிப் பணம் அப்படியே இருக்கிறது. 680 ரிங்கிட் போனது போனதுதான் போலிருக்கிறது. 997இல் எல்லா விவரமும் கேட்டுக்கொண்டு, போலீஸ் புகார் கொடுக்கச் சொன்னார்கள்.

கை இன்னும் நடுங்குகிறது. வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன்.

வங்கி முகப்பு | செவ்வாய், காலை 8.40

நல்லது, நல்லது. உங்களைக் காப்பாற்றிய அந்தக் காத்திருப்பு நேரம் 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்கு விதித்த ஐந்து நடவடிக்கைகளில் ஒன்று. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் குறியீட்டைக் கைவிடுவது, ஒரு கணக்குக்கு ஒரே கருவி, சந்தேகப் பரிமாற்றத்தைக் கண்டறிவதைக் கடுமையாக்குவது, மோசடிப் புகாருக்குத் தனித் தொடர்பு எண் ஆகியவையும் அதில் அடக்கம். “எதற்கு இந்தத் தாமதம்?” என்று நான் முகப்பில் இருந்தபோது வாடிக்கையாளர்கள் என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். இன்று அதன் மதிப்பு உங்கள் வீட்டுக்குத் தெரியும்.

997 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் சேர்ந்து, போன பணம் எந்தெந்தக் கணக்குக்குத் தாவுகிறது என்று துரத்திப் பிடித்து முடக்கும் ஏற்பாடு. பணம் சில மணி நேரத்தில் நான்கைந்து கணக்கு மாறிவிடும். அதனால்தான் 6.26க்கு உங்களை விரட்டினேன்.

அந்த 680 ரிங்கிட் தனிநபர் ஒருவரின் கணக்குக்குத்தான் போயிருக்கும், நிறுவனத்துக்கு அல்ல. மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’, கழுதைக் கணக்கு, என்பார்களே, அதுதான். சில நூறு ரிங்கிட்டுக்காகத் தங்கள் வங்கி அட்டையை இரவல் கொடுத்துவிடும் பையன்கள் நம் பட்டணங்களிலும் இருக்கிறார்கள், என் வயிறு எரிகிறது. 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி அதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறார்கள். அந்த எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் இட்டுப் பாருங்கள். ஏற்கெனவே எத்தனை புகார் வந்திருக்கிறது என்று காட்டும். புகார் இல்லை என்று வந்தால் நல்ல கணக்கு என்று பொருளல்ல, இன்னும் யாரும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

வங்கியின் முடிவில் திருப்தி இல்லையென்றால் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்கு எழுதலாம். 2025 ஜனவரி முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது.

புதிய உறுப்பினர் | செவ்வாய், காலை 9.12

[நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | செவ்வாய், காலை 9.15

நீக்கிய பதிவில் என்ன இருந்தது என்று எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். “இழந்த பணத்தை மீட்டுத் தரும் நிபுணர் ஒருவரைத் தெரியும், முன்பணம் 200 ரிங்கிட்” என்று ஒரு தொலைபேசி எண். கணக்கு தொடங்கியது இன்று காலை. ஏமாந்தவர்களைத் தேடிப் பிடித்து இரண்டாம் முறை ஏமாற்றும் கூட்டம் இது. பால்மரத்து மகளுக்குத் தனிச்செய்தி வந்திருந்தால் பதில் போடாமல் எனக்கு அனுப்புங்கள்.

பால்மரத்து மகள் | செவ்வாய், காலை 9.30

வந்தது. அனுப்பிவிட்டேன். ஒரு நிமிடம் நம்பியும்விட்டேன்.

ஈப்போ கணினிக்காரர் | செவ்வாய், காலை 10.10

நேற்றிரவு “யாரிடமாவது பேசினாரா” என்று நான் கேட்டிருக்க வேண்டும். டீச்சருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. வருத்தமாக இருக்கிறது.

அப்பாவிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. எண் இருந்தால் அது பொய், வேறு ஆராய்ச்சி வேண்டாம். அந்த நீலத் திரை வெறும் இணையப் பக்கம்தான். ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்தினால் மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் மின்சாரத்தையே நிறுத்திவிடலாம். அவன் காட்டிய சிவப்புக் குறிகள் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு. என் கடையில் புதிதாகப் பிரித்த கணினியிலும் அந்தக் குறிகள் உண்டு. அச்சுப்பொறி ஒருமுறை பதில் சொல்லாவிட்டால்கூட அதில் சிவப்பாகப் பதிவாகும்.

இணையத்தோடு இணைக்காமல் மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். பகல் பஸ்ஸில் வந்தால் மாலைக்குள் முடித்துத் தருகிறேன். கடவுச்சொற்களை உங்கள் தொலைபேசியிலிருந்து மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் அந்த வீட்டில்தான் தொங்குகிறது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றச் சொல்லி ஒரு வசதி இருக்கும், அதையும் அழுத்துங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பைத் தொடங்கிவிடுங்கள்.

கோயில் கணக்கு | செவ்வாய், காலை 11.02

அம்மா, கடவுச்சொல்லை மாற்றியதோடு நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஓர் ஆலய நிர்வாகத்தில் பொருளாளர். திருப்பணிக்குக் கருங்கல் அனுப்பும் வணிகரோடு மின்னஞ்சலில்தான் பேசுவோம். ஒரு நாள் அதே மடல் வரிசையில், அதே நடையில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று வந்தது. 8,000 ரிங்கிட் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து உண்மையான வணிகர் தொலைபேசியில் அழைத்து, பணம் ஏன் வரவில்லை என்று கேட்டார். அவர் மின்னஞ்சல்களும் அனுப்பியிருக்கிறார், ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை.

எங்கள் செயலாளரின் மின்னஞ்சல் கணக்குக்குள் எவனோ புகுந்து, அமைப்புகளில் ஒரு விதியை எழுதி வைத்திருந்தான். அந்த வணிகரிடமிருந்து எது வந்தாலும் வேறொரு முகவரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, இங்கே குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்று. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த விதி அப்படியே வேலை செய்தது! உங்கள் அப்பாவுக்கு முதலில் வந்தது வெறும் சத்தம். எங்களுக்கு நடந்தது உண்மையான ஊடுருவல், அதில் ஒரு சத்தமும் இல்லை. எந்தப் பெட்டியும் வரவில்லை, எந்தச் சைரனும் ஒலிக்கவில்லை.

மக்கள் உண்டியலில் போட்ட பணம் அது. இன்றும் கோபுரத்தைப் பார்த்தால் எனக்கு அந்த 8,000தான் நினைவுக்கு வரும். இப்போது கணக்கு எண் மாறினால், பழைய எண்ணில் அழைத்து, அந்த மனிதரின் குரலைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஜிமெயிலில் ‘வடிப்பான்கள்’, ‘மடல் திருப்புதல்’ என்ற இரண்டு இடங்களைப் பாருங்கள். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

பால்மரத்து மகள் | செவ்வாய், பகல் 12.36

ஐயா, இருக்கிறது. வடிப்பானில் ஒன்று இருக்கிறது. வங்கியின் பெயர் உள்ள எல்லா மடல்களும் நேராகக் குப்பைக்குப் போகும்படி வைத்திருக்கிறான். குப்பையைத் திறந்தால், “புதிய கருவி இணைக்கப்பட்டது, நீங்கள் இல்லையென்றால் உடனே அழையுங்கள்” என்று நேற்று மாலை 4.10க்கு வங்கி அனுப்பிய மடல் கிடக்கிறது.

நீங்கள் எழுதியிராவிட்டால் அங்கே போய்ப் பார்த்திருக்கவே மாட்டேன். படம் எடுத்து வைத்துக்கொண்டு நீக்கிவிட்டேன். போலீஸ் நிலையத்துக்குப் புறப்படுகிறோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தோட்டத்தில் ஆள் கணக்குப் பதியும் செக்ரோல் எழுதுவதுபோல எல்லாவற்றையும் தேதி, நேரம் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

வங்கி முகப்பு | செவ்வாய், பகல் 12.50

அந்தத் தாள் பெரிய உதவி. அழைத்த எண், பணம் போன கணக்கு எண், பரிமாற்றக் குறிப்பு எண் மூன்றும் அதில் இருக்கட்டும். வடிப்பான் படத்தையும் காட்டுங்கள்.

ஈப்போ கணினிக்காரர் | புதன், மாலை 5.55

மடிக்கணினி இன்று வந்தது. அப்பாவும் கூடவே வந்து, நான் செய்வதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார்.

தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருள், கணினி தொடங்கும்போதே தானாக ஓடும்படி வைக்கப்பட்டிருந்தது. நேற்று அதைத் திறந்து இணையத்தில் இணைத்திருந்தால் அவன் மறுபடி வந்திருப்பான். நீக்கிவிட்டேன். விண்டோஸ் ஓடாத நிலையில், மைக்ரோசாஃப்டின் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டரை வைத்து முழுச் சோதனை செய்தேன், வேறெதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அந்நியன் 40 நிமிடம் கைவைத்த கணினி. படங்களையும் மடல்களையும் தனியே எடுத்து வைத்துவிட்டு முழுவதும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். சாலாக் தம்பி முதலிலேயே சொன்னதுதான். அதைச் செய்வதற்கு முன்னால் மற்ற வேலைகள் இருந்தன, அவ்வளவே. அதில் இருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நல்லவேளை, இந்தக் கணினி 11ஐத் தாங்குகிறது.

மிரட்டல் மின்னஞ்சலை, இணையப் பாதுகாப்புப் புகார்களைப் பெறும் சைபர்999க்கு அனுப்பி வைத்தோம். தொலைபேசி எண் 1-300-88-2999. கேமரா மேல் ஒட்ட ஒரு சிறு மூடியும் கொடுத்தேன். தேவை இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கு அது வேண்டியிருந்தது.

பால்மரத்து மகள் | புதன், இரவு 8.47

இது என் கணக்கிலிருந்து அப்பா எழுதுவது.

எல்லாருக்கும் வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் தோட்டத்தில் பால் நிறுவைக் கணக்கு எழுதியவன் நான். ஒரு கிலோ பிசகினாலும் தொழிலாளியின் கூலி குறையும் என்று இருமுறை கூட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் முன்பின் தெரியாத ஒருவன் சொன்னதும் பொத்தானை அழுத்திவிட்டேன். அவன் “ஐயா” என்று கூப்பிட்டான். நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்த விஷயத்தை அவன்தான் காதுகொடுத்துக் கேட்டான். அதுதான் நடந்தது.

என் மகளிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் சொல்லிவிட்டேன்.

இன்று போலீஸ் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். பணம் போன கணக்கின் மேல் வேறு புகார்களும் இருக்கின்றனவாம். விசாரணை நடக்கிறது.

கணினிக்கடை ஐயாவிடம் ஒரு சந்தேகம். பழைய மாணவர்கள் 63 பேருக்கு மாதம் ஒரு மடல் அனுப்புகிறேன். அதில் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிகிறது. ஒருவர் கணினியில் எவனாவது புகுந்தால் 63 பேரின் முகவரியும் அவனுக்குக் கிடைத்துவிடும் அல்லவா? மறைத்து அனுப்ப வழி இருக்கிறதா?

ஈப்போ கணினிக்காரர் | புதன், இரவு 9.05

இருக்கிறது ஐயா. மடல் எழுதும்போது பெறுநர் கட்டத்தின் வலது ஓரத்தில் ‘பி.சி.சி.’ என்று இருக்கும். அதைத் தட்டினால் இன்னொரு கட்டம் திறக்கும். 63 முகவரிகளையும் அதில் இடுங்கள், பெறுநர் கட்டத்தில் உங்கள் முகவரியை மட்டும் இடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. முதலில் எனக்கும் உங்கள் மகளுக்கும் மட்டும் ஒன்று அனுப்பிப் பாருங்கள், எப்படி வந்திருக்கிறது என்று சொல்கிறேன்.